சிறிய மோனோபிளாக் ஆம்ப்ளிஃபையர்களுக்குத் தனிக்குரல் உண்டா?

இரண்டு சானல்களும் ஒரே பெட்டியில் அடங்கிய, சானலுக்கு 50 வாட் தரும், மரபான ஏபி வகுப்பு ஆம்ப்ளிஃபையரை எடுத்துவிட்டு, உள்ளங்கை அகலமே உள்ள இரண்டு டி வகுப்பு மோனோபிளாக்குகளை, அதாவது ஒரே சானல் மட்டும் உள்ள ஆம்ப்ளிஃபையர்களை, ஸ்பீக்கருக்கு ஒன்றாக வைத்திருக்கிறீர்கள். மூன்று வாரம் கேட்டபின் நான்கு மாற்றங்களைக் குறித்திருக்கிறீர்கள். பாஸ் இறுகியிருக்கிறது, ஒலிமேடை (குரலும் கருவிகளும் இடம் பிரிந்து நிற்பதாகத் தோன்றும் வெளி) அகன்றிருக்கிறது, உரத்த இடங்களில் இசை திணறவில்லை, ட்ரெபிள் மட்டும் சற்றுக் கடுமையாகப் படுகிறது. இவை உண்மையான மாற்றங்களா, புதுப் பொருள் வாங்கிய மகிழ்ச்சி செய்யும் வேலையா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் குறித்த நான்கையும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காது ஆம்ப்ளிஃபையரைத் தனியாகக் கேட்பதில்லை. ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் சேர்ந்த ஜோடியை, அறையோடும் அப்போதிருந்த ஒலியளவோடும் சேர்த்துத்தான் கேட்கிறது. ஆகவே ஒவ்வொரு குறிப்பையும் எடுத்துக்கொண்டு, அந்த மாற்றத்தை உண்டாக்கக்கூடிய காரணம் இந்தச் சிறு பெட்டிக்குள் எங்கே இருக்கிறது என்று தேடுவதே சரியான வழி. சிலவற்றுக்குக் காரணம் உள்ளேயே கிடைக்கும், சிலவற்றுக்கு வெளியே கிடைக்கும்.

முதலில் உரத்த இடங்களில் திணறவில்லை என்ற குறிப்பை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் நான்கில் இதையே நான் தயக்கமின்றி நம்புகிறேன். 8 ஓம் மின்தடையில் 50 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர் ஏறத்தாழ 28 வோல்ட் உச்சம் வரை செல்லும். அதற்கு மேல் அலையின் தலை வெட்டுப்படும். நீங்கள் வாங்கியவை போன்ற சிறு மோனோபிளாக்குகள் பலவற்றில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிபிஏ3255 சில்லு இருக்கிறது. அதற்கு 48 வோல்ட் மின்வழங்கி கொடுத்தால், ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்கும் முழுப்பாலச் சுற்று என்பதால் 45 வோல்ட்டை ஒட்டிய உச்சம் கிடைக்கும். இரண்டுக்கும் இடையே சுமார் 4 டெசிபல் வேறுபாடு. நாம் வீட்டில் கேட்கும்போது சராசரித் திறன் பெரும்பாலும் ஓரிரண்டு வாட்டுக்குள் அடங்கிவிடும் என்றாலும், நல்ல ஒலிப்பதிவில் ஒரு மிருதங்க அடியோ பியானோவின் அழுத்தமான சுரமோ சராசரியைவிட 15 முதல் 20 டெசிபல் மேலே எழும்பும். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு திறன். பழைய ஆம்ப்ளிஃபையர் அந்த ஒரு கணத்தில் வெட்டுப்பட்டிருக்கலாம், புதியது வெட்டுப்படாமல் கடந்திருக்கலாம். நீங்கள் ஓரளவு உரக்கக் கேட்பவர் என்றால் இது மெய்யான வேறுபாடு.

இந்த இடத்தில் விளம்பர எண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதே சில்லின் தகவல் ஏட்டில் மோனோ இணைப்புக்கு 600 வாட் என்று இருக்கும். அது 2 ஓம் சுமையில், 10 சதவீத உருக்குலைவோடு கிடைக்கும் எண். 10 சதவீத உருக்குலைவில் யாரும் இசை கேட்பதில்லை. மேலும், 48 வோல்ட், 5 ஆம்பியர் என்று எழுதப்பட்ட மின்வழங்கியால் தொடர்ந்து 240 வாட்டுக்கு மேல் கொடுக்க முடியாது. பெட்டியின் மேல் அச்சிட்ட வாட்டைப் படித்துவிட்டுக் கேட்க உட்கார்ந்தால், அந்த எண்ணே பாதி அனுபவத்தை எழுதிவிடும்.

அடுத்து ட்ரெபிள். டி வகுப்பின் செவி அனுபவத்தில் மிகுதியாகப் பேசப்படுவதும், மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். டி வகுப்பு ஆம்ப்ளிஃபையரில் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் விநாடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடுகின்றன. அந்த வேகமான துடிப்புகளை நீக்கி இசையை மட்டும் ஸ்பீக்கருக்கு விடுவதற்காக, கடைசியில் ஒரு மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த வடிகட்டி இருக்கிறது. வெளியீட்டை உள்ளீட்டோடு ஒப்பிட்டுப் பிழை திருத்த உதவும் பின்னூட்டத்தை அந்த வடிகட்டிக்கு முன்பிருந்தே எடுத்துவிட்டால், வடிகட்டி ஆம்ப்ளிஃபையரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே நிற்கும். ஸ்பீக்கரின் மின்மறுப்பு, அதாவது அதிர்வெண்ணுக்கேற்ப மாறும் அதன் மின்தடை, எவ்வளவோ அதற்கேற்ப அதன் நடத்தை மாறும். சுற்றின் ஒவ்வொரு பக்கத்திலும் 10 மைக்ரோஹென்றி மின்தூண்டியும் 0.68 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். 20 கிலோஹெர்ட்ஸில் 4 ஓம் சுமைக்கு முக்கால் டெசிபல் அளவுக்கு இறங்கும், 8 ஓம் சுமைக்கு அரை டெசிபல் ஏறும். ஸ்பீக்கரின் மின்மறுப்பு அந்த அதிர்வெண்ணில் 18 ஓமுக்கு ஏறியிருந்தால் ஏற்றம் 0.9 டெசிபலை நெருங்கும். 10 கிலோஹெர்ட்ஸில் இந்த வேறுபாடுகள் மிகச் சிறியவை. ஆனால் வடிகட்டியின் ஒத்ததிர்வு இன்னும் கீழே அமைந்த சுற்றுகளில் அவை வளர்ந்து, ஜால்ராவின் ஓசையிலும் ‘ஸ்’, ‘ஷ்’ போன்ற உரசொலிகளிலும் காதுக்குத் தெரியும் அளவுக்கு வரும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். ஒரே மோனோபிளாக்கை ஒருவர் 4 ஓம் ஸ்பீக்கரில் கேட்டு மென்மையானது என்று எழுதுவார். இன்னொருவர் 8 ஓம் ஸ்பீக்கரில் கேட்டுக் கடுமையானது என்று எழுதுவார். இருவரும் உண்மையே சொல்லியிருப்பார்கள். இந்தக் குறையை நீக்கப் பின்னூட்டத்தை வடிகட்டிக்குப் பின்னாலிருந்து எடுக்க வேண்டும். புரூனோ புட்சிஸ் பிலிப்ஸ் நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கிய யுசிடி சுற்றும், பிறகு ஹைப்பெக்ஸ் நிறுவனத்துக்காக உருவாக்கிய என்கோர் சுற்றும், அவர் பங்கேற்ற பியூரிஃபை நிறுவனத்தின் ஐகன்டாக்ட் சுற்றும் இந்த வழியில் செல்பவை. டிபிஏ3255 சில்லைப் பயன்படுத்தும் சில புதிய மோனோபிளாக்குகளிலும் வடிகட்டிக்குப் பிந்தைய பின்னூட்டம் சேர்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஜோடியில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், ட்ரெபிளின் கடுமைக்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். இல்லையென்றால், உங்கள் குறிப்புக்குப் பின்னால் அளந்து காட்டக்கூடிய காரணமே இருக்கலாம்.

இனி, இறுகிய பாஸ். இதற்கு எல்லோரும் சொல்லும் விளக்கம் தணிப்புக் காரணி. ஸ்பீக்கரின் மின்மறுப்பு ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறுப்பைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் எண் அது. ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறுப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு அது ஸ்பீக்கரின் கூம்பைப் பிடித்து நிறுத்தும் என்பார்கள். தத்துவம் சரிதான், ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கரில் கூம்பை அசைக்கும் குரல்சுருளுக்குள்ளேயே ஏறத்தாழ 6 ஓம் நேர்மின்தடை இருக்கிறது. தணிப்புக் காரணி 100 உள்ள பழைய ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறுப்பு 0.08 ஓம், காரணி 1000 உள்ள புதியதன் மின்மறுப்பு 0.008 ஓம். குரல்சுருளோடு கூட்டினால் 6.08, 6.008 என்று வரும். வேறுபாடு ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். 5 மீட்டர் நீளமும் 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமனும் உள்ள செம்புக் கம்பி, போக வர 10 மீட்டருக்கு, 0.12 ஓம் அளவுக்கு மின்தடை சேர்க்கிறது. பழைய ஆம்ப்ளிஃபையர் சேர்ப்பதைவிட அது அதிகம். மோனோபிளாக்கை ஸ்பீக்கருக்குப் பின்னால் வைத்துக் கம்பியை 1 மீட்டராகக் குறைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் பலனும் சிறிதுதான். வால்வு ஆம்ப்ளிஃபையரிலிருந்து நீங்கள் மாறியிருந்தால் கதை வேறு. வெளியீட்டு மின்மறுப்பு 1 ஓம் என்றால், மின்மறுப்பு 4 ஓமுக்கும் 30 ஓமுக்கும் இடையே அலையும் ஸ்பீக்கரில் 1.6 டெசிபலுக்கு மேல் மேடுபள்ளம் உண்டாகும். பாஸ் பருத்துக் கேட்கும். டி வகுப்புக்கு வந்ததும் அது இளைத்து, இறுகியதாகத் தோன்றும். நீங்களோ ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரிலிருந்து வந்திருக்கிறீர்கள். ஆகவே பாஸ் மாற்றத்துக்கு ஒலியளவையும் ஸ்பீக்கரின் இடத்தையும்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். பெட்டிகளை வைக்கும்போது ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினீர்களா? அந்த ஒரு சாண், எந்த ஆம்ப்ளிஃபையரையும்விடப் பாஸை மாற்றவல்லது.

ஒலிமேடை அகன்றதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் மோனோபிளாக் வாங்குவதற்கே பலர் சொல்லும் காரணம் அதுதான். இடமும் வலமும் வெவ்வேறு பெட்டிகளில் இருப்பதால் ஒன்றின் ஒலி மற்றதில் கசிவதில்லை, அதனால் மேடை விரிகிறது என்பது வாதம். கசிவு குறைவது மெய். ஆனால் இசைத்தட்டில் ஓடும் ஊசியின் சானல் பிரிப்பு 25 அல்லது 30 டெசிபல் அளவுதான். அந்தப் பிரிப்போடு மனிதர்கள் பல்லாண்டுக் காலம் அகன்ற, ஆழமான ஒலிமேடையை அனுபவித்திருக்கிறார்கள். ஓரளவு ஒழுங்காகச் செய்யப்பட்ட ஒற்றைப் பெட்டி ஆம்ப்ளிஃபையரே 60, 70 டெசிபல் பிரிப்பைத் தருகிறது. அதற்கு மேல் கூடுவது மேடையை விரிக்கும் என்று நான் நம்பவில்லை. மின்வழங்கியைப் பிரிப்பதிலும் இரு பக்கமும் உண்டு. ஒரு சானலின் பாஸ் மற்றதன் மின்னழுத்தத்தை இழுக்காது என்பது நன்மை. ஒரே பெரிய மின்வழங்கியில் ஒரு சானல் சும்மா இருக்கும்போது மற்றது முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வசதி போய்விடுகிறது என்பது இழப்பு. ஸ்பீக்கரின் ஒரு முனையை மட்டும் இயக்கும் அரைப்பாலச் சுற்றுள்ள டி வகுப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. தாழ்ந்த அதிர்வெண்ணில் அது மின்வழங்கிக்கே ஆற்றலைத் திருப்பித் தள்ளி மின்னழுத்தத்தை ஏற்றும். ஸ்டீரியோப் பெட்டியில் ஒரு சானலைத் தலைகீழாக ஓட்டி அதைச் சமன்செய்வார்கள்; மோனோபிளாக்கில் சமன்செய்யத் துணை இல்லை. முழுப்பாலச் சுற்றில் இந்தச் சிக்கல் எழாது.

அப்படியானால் மேடை அகன்றது ஏன்? எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். முதன்முதலில் நான் வைத்திருந்த சிறு மோனோபிளாக் ஜோடியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலியளவுக் குமிழ் இருந்தது. இரண்டையும் ஒரே குறியில் வைத்துவிட்டு, மேடை விரிந்திருக்கிறது, பாடகர் மட்டும் இடப்பக்கம் சற்று ஒதுங்கி நிற்கிறார், அது ஒலிப்பதிவின் நுட்பம் என்று ஒரு வாரம் குறிப்பெழுதினேன். பிறகு மின்னழுத்தத்தை அளந்தபோது இடப்பக்கம் 0.7 டெசிபல் கூடுதலாக இருந்தது. குமிழ்களின் உள்ளே இருக்கும் மின்தடைகள் ஒன்றுபோல் இல்லை. நான் ஒலிப்பதிவின் நுட்பம் என்று மெச்சியது ஒரு குமிழின் பிழையை. அன்று முதல் எந்த மோனோபிளாக் ஜோடியையும் அளக்காமல் நான் கேட்பதில்லை.

முனை மாறுதலும் இப்படி ஏமாற்றும். ஒரு ஸ்பீக்கரின் கம்பி நேர்முனையும் எதிர்முனையும் மாறிவிட்டால் நடுவில் நிற்க வேண்டிய குரல் கரைந்து அறையெங்கும் பரவும். பாஸ் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மெலியும். மெலிந்த பாஸை இறுகிய பாஸ் என்றும், சிதறிய குரலை அகன்ற மேடை என்றும் எழுதியவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். உங்கள் குறிப்பில் இந்த இரண்டும் சேர்ந்தே இருப்பதால், தயவுசெய்து இதை முதலில் சரிபாருங்கள். தனிக்குரல் மட்டும் உள்ள மோனோ ஒலிப்பதிவு ஒன்றை ஓடவிடுங்கள். குரல் இரு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவில், ஒரு முகத்தின் அகலத்துக்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் கம்பியைப் பாருங்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. முழுப்பாலச் சுற்றில் எதிர்முனை தரை, அதாவது பூச்சிய வோல்ட் முனை, அல்ல; அதிலும் சமிக்ஞை ஓடுகிறது. சப்வூஃபரின் தரையையோ அளவுக்கருவியின் தரையையோ அதில் இணைத்தால் ஆம்ப்ளிஃபையர் பழுதாகிவிடும்.

ஒலியளவைச் சமன்செய்யும் வேலை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். பழைய ஆம்ப்ளிஃபையரையும் புதிய ஜோடியையும் ஒரே ஸ்பீக்கரோடு மாற்றி மாற்றி இணைத்து, தூய சைன் அலை ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். கையடக்க மல்டிமீட்டர்கள் பலவும் சில நூறு ஹெர்ட்ஸ் வரையே நம்பகமானவை என்பதால் 100 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் ஓர் அதிர்வெண்ணைத் தேர்ந்துகொள்ளலாம். 2.83 வோல்ட்டுக்கு வைத்தால், 0.1 டெசிபல் என்பது ஏறத்தாழ 0.03 வோல்ட், அதற்குள் நான்கு அளவீடுகளும் ஒத்துப்போக வேண்டும். இவ்வளவு நுணுக்கம் ஏன் என்று கேட்கலாம். அரை டெசிபல் உயர்ந்தால் அது உரத்த ஒலியாகக் காதுக்குத் தெரிவதில்லை; தெளிவாக, நெருக்கமாக, உயிரோட்டமாகத் தெரிகிறது. மேலும், ஒலியளவு கூடும்போது காதின் பாஸ் உணர்வு நடு அதிர்வெண்களைவிட வேகமாகக் கூடுகிறது என்பதை ஃபிளெச்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட சமவொலி வளைவுகள் காட்டின. உங்கள் மோனோபிளாக்குகளின் பெருக்கம் பழையதைவிடச் சில டெசிபல் கூடுதலாக இருந்து, நீங்கள் குமிழைக் கண்மதிப்பில் திருப்பியிருந்தால், நான்கு குறிப்புகளில் மூன்று அதிலேயே முடிந்துவிடக்கூடும்.

சமன்செய்தபின், எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஒருவர் நாணயத்தைச் சுண்டி இணைப்பை மாற்றட்டும். நீங்கள் வெளியே சென்று, மாற்றி முடித்தபின் வந்து உட்காருங்கள். 16 முறைகளில் 12 முறை சரியாகச் சொன்னால், வெறும் யூகத்தில் அது நேரும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே. 10 முறை கேட்டு 7 சரி என்பது எதையும் நிறுவாது. இணைப்பை மாற்றும் இடைவெளி நீண்டால் செவியின் நினைவு மங்கிவிடும் என்ற குறை இந்த வீட்டுமுறையில் இருக்கிறது. ஸ்பீக்கர் மாற்றுவிசை ஒன்று கிடைத்தால் நல்லது, ஆனால் மேலே சொன்ன எதிர்முனைச் சிக்கலால் இரண்டு முனைகளையும் சேர்த்து மாற்றும் விசையே வேண்டும்.

இந்தச் சோதனையில் தோற்றுவிடுவோமோ என்று அஞ்ச வேண்டாம். தேர்ந்த காதுகளுக்கும் அது நடந்திருக்கிறது. 1985-இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், ஸ்டீரியோஃபைல் இதழின் ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும் எந்த ஆம்ப்ளிஃபையரின் ஒலியையும் தம்முடைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்னார். அவர்கள் கொடுத்தது பெயர்பெற்ற வால்வு மோனோபிளாக் ஜோடி ஒன்றை. அது கான்ராட்-ஜான்சன் பிரீமியர் ஃபைவ் என்று பின்னாளில் தெரிந்தது. கார்வர் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களின் வெளியீடுகளையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, எஞ்சும் ஒலி மிகச் சிறியதாகும் வரை தம்முடையதைத் திருத்தினார். பிறகு ஆசிரியர்கள் கேட்டபோது அவர்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. ஆம்ப்ளிஃபையர்களுக்குள் வேறுபாடே இல்லை என்பதற்கு இதைச் சான்றாகச் சொல்வோர் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. திருத்துவதற்கு முன் வேறுபாடு இருந்தது. அந்த வேறுபாடு அளவுகளில் பிடிபடக்கூடியதாக இருந்தது. அளவுகள் ஒத்ததும் செவியும் ஒத்துக்கொண்டது. நீங்கள் குறித்த ட்ரெபிள் கடுமைக்கும் இதே தன்மை இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

பழகப் பழக ஒலி மாறும் என்ற பேச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏ வகுப்பிலும் ஏபி வகுப்பிலும் பெட்டி சூடேறும்போது, இசை இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சார்பு மின்னோட்டம் நகர்வதால் முதல் அரைமணி நேரத்தில் சிறு மாற்றம் இருக்கலாம். டி வகுப்பில் அதற்கு இடம் மிகக் குறைவு. மூன்று வாரத்தில் பழகியது பெரும்பாலும் உங்கள் காதுதான். இரைச்சலையும் சுருக்கமாகவே சொல்கிறேன். இசை நின்றபின் ட்வீட்டருக்கு அருகே காதை வைத்துப் பாருங்கள். ‘உஸ்’ என்று கேட்டால் பெருக்கம் தேவைக்கு மேல் இருக்கிறது, குறைக்கும் விசை இருந்தால் குறையுங்கள். ‘ம்ம்’ என்ற உறுமல் கேட்டால் இரண்டு பெட்டிகளின் தரை இணைப்பும் சமிக்ஞைக் கம்பியும் சேர்ந்து வளையம் உண்டாகியிருக்கிறது. சமிக்ஞையை எதிரெதிரான இரு கம்பிகளில் கொண்டுசெல்லும் சமநிலை இணைப்புக் கம்பிகளைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் நீங்கிவிடும்.

எல்லாவற்றையும் சரிபார்த்தபின்னும் ட்ரெபிள் கடுமை நிற்குமானால், அதை நீங்கள் நம்ப வேண்டும். வடிகட்டிக்குப் பிந்தைய பின்னூட்டம் இல்லாத ஜோடி என்றால், ஸ்பீக்கர் முனைகளுக்குக் குறுக்கே ஒரு மின்தடையும் மின்தேக்கியும் தொடராக இணைத்து, உயர் அதிர்வெண்ணில் மின்மறுப்பு ஏறுவதைத் தட்டையாக்க முடியும். மதிப்புகளை உங்கள் ஸ்பீக்கரின் அளவுகளைப் பார்த்துத் தெரிந்தவர் ஒருவர் கணக்கிட வேண்டும். அதற்கு முன் ஸ்பீக்கர்கள் காதை நேராகப் பார்க்காதபடி சில பாகை வெளிப்புறம் திருப்பிப் பாருங்கள். ட்வீட்டரின் நேர்க்கோட்டிலிருந்து விலகும்போது மேல் அதிர்வெண்கள் இயல்பாகவே தணியும்.

அடுத்த முறை குறிப்பெழுதும்போது ஸ்பீக்கரின் பெயர், அதன் மின்மறுப்பு, உட்காரும் தூரம், சமன்செய்த மின்னழுத்தம், கேட்ட ஒலிப்பதிவு ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில், 2.83 வோல்ட்டுக்குச் சமன்செய்தபின், இந்தப் பாடலின் இரண்டாவது சரணத்தில் தம்புராவின் மேல்சுருதிகள் முன்னால் வந்தன என்று நீங்கள் எழுதினால், 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருக்கும் ஒருவர் தம் வீட்டில் அது ஏன் கேட்கவில்லை என்று புரிந்துகொள்வார்.